மூன்றாவது பாட்டை எடுத்துவிடு, மகனே

மகனே, உன் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிட்டேன். "நல்லா இருந்துச்சுய்யா" என்று கடைசியாகப் பேசியபோது ஒரே வரியில் சொல்லிவிட்டு நான் போனை வைத்ததில் உனக்கு வருத்தம் இருக்கும். மிச்சத்தைப் போனில் சொல்ல முடியாது. நான் பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே பாய்வாய், உன் குரல் ஏறும், நான் வாயை மூடிக்கொள்வேன். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டோம். தாலி கட்டுவதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். பாதியில் கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவேன். அங்கன்வாடியில் ஒரே பாட்டை நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்துப் பழகியவள் நான், எனக்கு அலுக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கருவியும் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், தவில் இல்லாமல், மனிதர்களின் தொண்டையை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் முழுக்கச் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது, இவனுக்குக் கருவி வாங்கக் காசில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேட்ட பிறகு அசந்துவிட்டேன். பாம்பன் மீன் ஏலத்தில் கத்துகிறவரின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி நீ தாளமாக்கியிருந்ததைக் கேட்டபோது பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். என் அங்கன்வாடிப் பிள்ளைகள் உதட்டைக் குவித்து "டும் டும்" என்று சொல்வது இரண்டாவது பாட்டில் எவ்வளவு பெரிய மேளமாக ஆகியிருக்கிறது! அதற்குள்ளேயே நான் அரிசி புடைத்துக்கொண்டு வாய்க்குள் முனகியதையும் எனக்குத் தெரியாமல் பதிந்து சேர்த்திருக்கிறாய். திருட்டுப்பயலே, சொல்லியிருந்தால் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முனகியிருப்பேனே. என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை.

அப்புறம் மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. இராமநாதபுரத்தில் மீட்டிங் முடிந்து மண்டபம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காதில் நீ வாங்கிக் கொடுத்த இயர்போன். உச்சிப்புளி தாண்டியிருக்கும். பாட்டு எடுத்த எடுப்பில் ஒரு ஆம்பளையின் மூச்சு. மூக்கிலிருந்து இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, "ஹூம்" என்று வெளியே தள்ளுகிற மூச்சு. அதைத் தொடர்ந்து "இந்தா வாரா..." என்ற கூப்பாடு. எனக்கு அதற்கு மேல் நினைவில்லை. நினைவு வந்தபோது சீட்டுக்கு முன்னால் குனிந்து, முழங்காலுக்கு நடுவே தலையைச் செருகி, இரண்டு கையாலும் பின்மண்டையைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். கண்டக்டர் தோளைத் தொட்டு, "டீச்சர், என்னாச்சு டீச்சர்? வாந்தி வருதா?" என்று கேட்டான். அவன் கை பட்டதும் நான் அலறிய அலறலில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், ஊர்ச் சனம் பார்க்க அப்படிக் கிடந்தேன். காதிலிருந்து கழன்று விழுந்த இயர்போனுக்குள் உன் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "எங்குனடா கெடச்சுச்சு உங்கய்யா கொரலு? அவரு செத்து இம்புட்டு வருசமாச்சே, யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அய்யா கொரலா? அது நாந்தேம்மா! அச்சு அசலா அப்படியே இருக்குல்ல? கேட்டவுக எல்லாம் அதைத்தேன் கொண்டாடுறாக" என்றாய். உனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். செத்துப்போனவரின் குரல் எங்கேயோ டேப்பில் கிடந்து மீண்டு வந்திருந்தால் எனக்குப் பயமில்லை, அதை அழித்துவிடலாம். அது உன் தொண்டைக்குள் இருக்கிறது என்றாய். அதுதான் என்னைக் கொன்றது.

உன் அய்யா கரைவலையில் அம்பாப் பாட்டுப் போடுகிறவர் என்பது உனக்குத் தெரியும். வலையின் இரண்டு கயிற்றையும் ஆட்கள் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார்கள். ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பதில் கொடுத்துக்கொண்டே சேர்ந்து இழுக்க வேண்டும். அந்த ஒருவர்தான் அவர். "இந்தா வாரா" என்று அவர் எடுப்பார். வாரா என்பது வலையை. எங்கள் கரையில் வலை பொம்பளை. "வரட்டும்" என்று அத்தனை பேரும் திருப்பிச் சொல்லி ஒரு எட்டு பின்னால் வைப்பார்கள். எல்லார் பலமும் ஒரே கணத்தில் கயிற்றில் விழும். அவர் எடுத்தால், காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். கருவாடு காயவைக்கிறவள், பாத்திரம் கழுவுகிறவள், கைக்குழந்தைக்காரி, எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே "வரட்டும்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பதில் வராத அம்பா வலைக்கு ஆகாது என்பார்கள். நான் பரமக்குடியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது. என் புருசன் எடுத்துக் கொடுக்க ஊரே பதில் சொல்கிறது என்று கர்வமாகக்கூட இருந்தது.

அதே அம்பாவை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். வலையில் மீன் பாடு இல்லாத நாளில், முதலாளி முறைத்த நாளில், குழம்பில் உப்பு ஏறிய நாளில், ஒன்றுமே இல்லாத நாளிலும். கதவைச் சாத்துவார். என் கொண்டையைக் கயிறு பிடிக்கிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடிப்பார். "ஹூம்" என்று அந்த மூச்சு. "இந்தா வாரா" என்பார். இழுத்துச் சுவரில் மோதுவார். நான் "வரட்டும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அடி கணக்கில் சேராது, திரும்ப அடிப்பார். குரல் கம்மியிருந்தால் திரும்ப. நேரம் தப்பிச் சொன்னால் திரும்ப. என் கடைவாய்ப் பல் இரண்டு எங்கே போயிற்று என்று சின்னதில் கேட்பாயே, மிட்டாய் தின்று சொத்தையானது என்று சொல்வேனே, அவை அந்தச் சுவரில் போயின. நெற்றிக்கு மேல் மயிருக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது, உன் விரல் நுழையும். இதையெல்லாம் உன்னிடம் சொல்லிப் பரிதாபம் வாங்க எனக்கு ஆசையில்லை. நீ எதை வைத்துப் பாட்டுச் செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ராக்குவை உனக்குத் தெரியுமே, நல்ல மனுசி. அவள் ஒருநாள் குழாயடியில் என்னிடம், "என்ன மதினி, அண்ணன் நேத்து வீட்டுக்குள்ளயே வலை இழுத்தாகளோ? மயனுக்குப் பழக்கிக் குடுக்காகளாக்கும். நானும் அடுப்படில இருந்தே ரெண்டு வரட்டும் போட்டேன், கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. அவர் என்னை இழுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் பதிலோடு இன்னொரு பதிலும் வந்தது கேட்டது. பழக்கதோஷத்தில் அவள் கொடுத்தாள். இந்தக் கரையில் பிறந்த யாரும் கொடுத்திருப்பார்கள். அதற்கப்புறம் எந்தக் கதவைத் தட்டி யாரிடம் போய்ச் சொல்வேன்?

இன்னொரு குரலும் பதில் கொடுத்தது. நீ. அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, கையைத் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று மழலையில் சொல்வாய். உனக்கு அது விளையாட்டு. அய்யா எடுப்பார், அம்மா சொல்வாள், நீயும் சொல்வாய். ஒரு பேட்டியில் நீ பேசியதை, நீ தாலி கட்டப்போகிற தர்ஷினி எனக்குப் போட்டுக் காட்டினாள். "எங்க வீட்டிலேயே கோரஸ் இருந்தது, அப்பா லீட் பாடுவார், அம்மாவும் நானும் திருப்பிப் பாடுவோம், என் இசை அங்கேதான் ஆரம்பித்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நீ பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. அந்தப் பிஞ்சு மனது, பார்த்ததைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. அதற்காக உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அய்யாவின் வலது கை ஏன் முழுசாக மடங்காது என்று உனக்குச் சொல்லப்பட்ட கதை, கரை ஏற்றும்போது வள்ளம் சறுக்கி விழுந்தது என்பது. ஊருக்கும் அதே கதைதான். நடந்தது வேறு. ஒருநாள் அவர் எடுத்தபோது நீ தூங்கி வழிந்து பதிலைப் பிந்திச் சொன்னாய். அவர் என் மயிரை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார். உன்னைக் காதைப் பிடித்துத் தூக்கி, அதே மூச்சை இழுத்தார். "ஹூம்" வெளியே வருவதற்கு முன்னால் சுவரில் சாத்தியிருந்த துடுப்பு என் கையில் இருந்தது. முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் விழுந்த பிறகும் அதே இடத்தில் இன்னொன்று போட்டேன். மூன்றாவதை ஓங்கும்போது நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய், அதனால் விட்டேன். இல்லாவிட்டால் விட்டிருக்க மாட்டேன். எனக்கு அதில் இன்றுவரை துளி வருத்தமில்லை. பொண்டாட்டி அடித்துக் கை ஒடிந்தது என்று வெளியே சொல்ல அந்த மனுசனுக்கு வெட்கம், ஆஸ்பத்திரியில் வள்ளம் சறுக்கிய கதையை அவரேதான் கட்டினார். எவ்வளவு விவரமாகக் கட்டினார் தெரியுமா, எந்த வள்ளம், எந்தப் பக்கம் சறுக்கியது என்பதுவரை. அதற்கப்புறம் ஈரல் கெட்டுச் சாகும்வரை அவர் வீட்டுக்குள் அம்பா எடுக்கவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உச்சிப்புளிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து, சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து, நீ ரெக்கார்டிங் செய்த நாட்களில் ஒருநாள் மத்தியானம் நான் சோறு கொண்டுவந்தேன். கதவைத் திறந்தபோது தர்ஷினி மைக் முன்னால் நின்றாள். உன் கை அவள் பின்கழுத்தில் இருந்தது. பிடித்து, மைக்கை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தாய். ஹெட்போன் தரையில் உடைந்து கிடந்தது. அவள் "வரட்டும்" என்றாள், நடுங்கிப்போய். "கைய எடுறா" என்று நான் கத்தினேன். நீ உடனே எடுத்துவிட்டுச் சிரித்தாய். "ஐயோ அம்மா, இது நடிப்பு. உணர்ச்சி வரணும்ல? இந்த டேக்தேன் இனி, இதுக்கு மேல எடுக்க வேணாம்" என்றாய். அவளும் சிரித்தாள். நான் வருவதற்கு முன்னால் நீ அவள் காதுக்குள் என்ன எடுத்துக் கொடுத்தாய் என்பது வெளியே என் காதில் விழவில்லை, சுவர் மெத்தை எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது. பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த டேக்கைத்தான் வைத்திருக்கிறாய். அந்தப் பெண்ணின் குரலில் இருக்கிற நடுக்கத்தை எல்லாரும் புகழ்கிறார்களாம், எப்படிப் பாட வைத்தீர்கள் என்று கேட்கிறார்களாம். எப்படிப் பாட வைத்தாய் என்று எனக்குத் தெரியும், எனக்கும் குரல் அப்படித்தான் வரும்.

பஸ்ஸில் பாட்டைக் கேட்ட மறுநாளே மண்டபம் அகதி முகாமுக்குப் போனேன். தர்ஷினி என்னைக் கண்டதும் பாயை விரித்து, டீ போட எழுந்தாள். டீ வேண்டாம், உட்கார் என்றேன். "அவன் ஒன்னைய அடிக்கானா?" என்று நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அவள் சுடிதாரின் கையை மடித்துக் காட்டினாள். மேற்கையில் நாலு விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது. பழையது ஒன்று மஞ்சளாக, புதியது ஒன்று நீலமாக. "பாட்டு வேலைக்க மட்டும்தான் மாமி இப்பிடி. அவருக்கு டென்ஷன். கலியாணம் முடிஞ்சா சரியாயிடுவார்" என்றாள். பாடு வந்தால் சரியாகிவிடுவார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே தொனி. உனக்கு மேலே எழுதிய எல்லாவற்றையும், துடுப்பையும் சேர்த்து, அவளுக்கு அங்கேயே சொன்னேன். என் மயிரை விலக்கி அவள் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினேன். அவள் விரல் அங்கேயே நின்றது. "உங்கட மகனுக்கு எதிரா நீங்கள் ஏன் மாமி இதைச் சொல்றியள்?" என்று கேட்டாள். "எம்மகனாச்சேன்னுதேன் சொல்லுறேன்" என்றேன்.

தர்ஷினி முகாமில் பிறந்து, எண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில் நின்று, முகாம் கணக்கெடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிற நாளில் காலையிலிருந்து காத்துக் கிடந்து வளர்ந்தவள். யார் எதைச் சொன்னாலும் ஓம் என்று தலையாட்டப் பழக்கப்பட்டவள். உனக்கு அவள் கிடைத்ததற்கும் அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது, எழுதிவிட்டேன், கோபித்துக்கொள். அவள் அன்றைக்கு ஒன்றும் முடிவு சொல்லவில்லை. நானும் நெருக்கவில்லை. அடுத்த வாரம் அவளாகவே அங்கன்வாடிக்கு வந்தாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற உதவினாள். எல்லாம் முடிந்து சட்டி கழுவும்போது, "மாமி, அந்தப் பாட்டு போனாத்தான் கலியாணம். என்ட குரல் அதுக்க இருந்து எல்லாருக்கும் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. எடுக்கச் சொல்லுங்கோ. ஏன் எடுத்தனியள் எண்டு ஆரும் கேட்டா, அவரே வாயால சொல்லோணும். நான் அடிச்சனான் எண்டு சொல்லோணும்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை.

ஆக, இதுதான் விசயம். உன் ஆல்பத்திலேயே அந்தப் பாட்டுத்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். ராமேசுவரம் வருகிற டூரிஸ்ட் வேனில்கூட அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள். பையன்கள் கடற்கரையில் நின்று அந்த மூச்சைச் செய்து வீடியோ எடுக்கிறார்கள். "ஹூம்" என்று ஒருவன் செய்ய, அவன் கூட வந்த பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே "வரட்டும்" என்கிறாள். பார்க்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அதை எடுத்தால் உனக்குப் பேர் கெடும், வாய்ப்புப் போகும், உன் கூட வேலை செய்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். போகட்டும். மிச்சப் பாட்டெல்லாம் இருக்கிறதே, அந்த மேளத்தை யார் குறை சொல்வார்கள்? அடிக்காமலும் உனக்குப் பாட வைக்கத் தெரியும். என் பிள்ளைகள் உனக்காக எவ்வளவு ஆசையாகக் கத்தினார்கள், அவர்கள் கழுத்தை யாரும் பிடிக்கவில்லையே. உனக்குத் தொழில் தெரியும். எந்த நேரத்தில் கை ஓங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் போய்க் கேள், அதற்கு மதுரையில் டாக்டர்கள் இருக்கிறார்கள், நானும் கூட வருகிறேன். உன் அய்யாவுக்குப் பைத்தியம் இல்லை, திமிர். உனக்கு எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

எடுக்க முடியாது என்றால் கல்யாணத்தை நான் நிறுத்துவேன். முகூர்த்தத்தில் வந்து நிறுத்தி ஊரைக் கூட்ட மாட்டேன், நீ முடியாது என்ற மறுநாளே பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் நடந்து போய், ஏன் என்று காரணம் சொல்லி, திரும்ப வாங்கிக்கொண்டு வருவேன். ராக்கு வீட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.

தர்ஷினி இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "கடைசியில அன்புடன் எண்டு போடுங்கோ மாமி, பாவம்" என்கிறாள். அந்தச் சொல்லைப் போட எனக்குக் கை வரவில்லை, பதிலாக இதை எழுதுகிறேன். நீ என் வயிற்றில் பிறந்தவன். எடுத்துவிட்டு வந்தால் வாசலில் வந்து உன்னைக் கட்டிக்கொள்வேன். எடுக்காமல் வந்து, இவள் மேல் இன்னொரு தடவை கை வைத்தாயானால், அந்தக் கையை நானே முறிப்பேன். எங்கே போட்டால் முறியும் என்று எனக்குத் தெரியும். முறித்துவிட்டு, கட்டுப் பிரிக்கும்வரை மூன்று வேளையும் சோறு பிசைந்து உனக்கு நானே ஊட்டுவேன். உன் அய்யாவுக்கும் நான்தான் ஊட்டினேன்.